மாம்பூவும் மூடிய குழிகளும்

புதுச்சேரிக்கு வரும் நண்பர்களிடம், கடற்கரைச் சாலையோடு நின்றுவிடாமல் அரிக்கமேட்டுக்கும் போய்வாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். போய்த் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றே: "அங்கே பார்க்க ஒன்றுமில்லையே." குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு; என் மனம் நோகக்கூடாது என்று தயங்கிச் சொல்கிறவர்களும் உண்டு. எகிப்தில் வாழ்ந்த, பெயர் தெரியாத வணிகர் ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய கடற்பயணக் குறிப்பில் 'பொதுகே' என்று வரும் துறைமுகம் இதுவே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இத்தாலியில் சுட்ட மண்கலங்களின் உடைசல்களும், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் இந்த மண்ணிலிருந்து வெளிவந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று சொல்வது எனக்கு நெடுநாளாக முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது. அவர்களுக்குச் சரியான பதிலும் என்னிடம் இல்லை. ஏனென்றால், கண்ணால் பார்ப்பது மட்டுமே கணக்கு என்றால் அவர்கள் சொல்வது உண்மைதான்.

இந்த உறுத்தல் எனக்கு அரிக்கமேட்டில் தொடங்கியதும் அல்ல. நான் கடலூர்க்காரன். எங்கள் தேவனாம்பட்டினத்தில்தான் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690-இல் ஆங்கிலேயர் அதை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவில் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் வாங்கியவருக்கே என்பது ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின், சோழமண்டலக் கடற்கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகச் சில ஆண்டுகள் விளங்கியதும் இந்தக் கோட்டைதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்துத் தகர்த்தார். அதற்குப் பழி தீர்ப்பதுபோல 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் நகரையும் இடித்துத் தள்ளினார்கள். ஒன்றையொன்று அழித்துக்கொண்ட இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே, தென்பெண்ணையைக் கடந்து போய்வந்து வளர்ந்தவன் நான். எங்கள் கோட்டையில் இன்று சிதைந்த சில சுவர்த் துண்டுகளும் புதரும்தான் மிச்சம். வெளியூரிலிருந்து வந்த உறவினர்களை அங்கே அழைத்துச் செல்லும்போது, "இதுவா கோட்டை?" என்று அவர்கள் கேட்ட கேள்வியை என் அப்பாவும் கேட்டிருக்கிறார், நானும் கேட்டிருக்கிறேன்.

பனி இறங்கிய தோப்பு

இந்த முறை மாசி மாதத்தில், கல்லூரிக் காலத்து நண்பர்கள் சிலர் கடலூரில் கூடியபோது, மறுநாள் விடியற்காலையில் அரிக்கமேட்டுக்குப் போவது என்று முடிவானது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அன்றைய பனி அந்தப் பழமொழிக்கு ஏற்றதாகவே இருந்தது. பெண்ணையாற்றுப் பாலத்தில் எதிரே வந்த பேருந்தின் விளக்குகள்தான் தெரிந்தன, பேருந்து தெரியவில்லை. வடநாட்டுக் குளிரை அறிந்தவர்களுக்கு இது குளிராகவே தோன்றாது. ஆனால் ஆண்டில் பத்து மாதம் வியர்த்துக் கிடக்கும் எங்களுக்கு, கடற்காற்றோடு சேர்ந்த அந்த ஈரம் காதைப் பொத்திக்கொள்ளச் செய்தது. சென்னையில் வங்கிப் பணியில் இருக்கும் நண்பர் மனைவியின் சால்வையை வாங்கித் தலையில் சுற்றிக்கொண்டார். தவளக்குப்பத்தில் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, சுண்ணாம்பாற்றைத் தாண்டி, அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பி, தோப்புகளுக்குள் போகும் பாதையில் வண்டியை நிறுத்தினோம்.

அங்கே எங்களை முதலில் எதிர்கொண்டது மணம். மாமரங்கள் முழுவதும் பூத்திருந்தன. இலை தெரியாமல், கிளை நுனிதோறும் கூம்பு கூம்பாக நிமிர்ந்து நின்ற பூங்கொத்துகள், வெளிறிய மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில், பனியில் நனைந்து கனத்துத் தொங்கத் தொடங்கியிருந்தன. புளிப்பும் இனிப்பும் சேர்ந்த அந்த மணத்தைக் குளிர்ந்த காற்று தரையோடு அழுத்தி வைத்திருந்ததால், நாங்கள் அதற்குள் நடந்துதான் போக வேண்டியிருந்தது. வெயில் ஏறும் முன்பே ஈக்களின் இரைச்சல் கேட்கத் தொடங்கிவிட்டது. மாம்பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் வேலையில் தேனீயைவிட ஈக்களுக்கே பெரும் பங்கு என்பதைப் பண்ருட்டி நண்பர்தான் சொன்னார். அவருக்குச் சொந்தமாக முந்திரித் தோப்பு இருக்கிறது. ஓரத்தில் சில மாமரங்களும் பலாவும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயலில் அந்தத் தோப்பில் பெரும்பகுதி வேரோடு சாய்ந்தது. அதன்பிறகு நட்டவைதான் இப்போது காய்க்கின்றன.

நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து வியந்துகொண்டிருந்தபோது, அவர் மட்டும் தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்து இழுத்து, ஒரு கொத்தைக் கண்ணருகே கொண்டுபோய் அதன் நடுத்தண்டை விரலால் வருடிக்கொண்டிருந்தார். தத்துப்பூச்சி இருக்கிறதா, சாம்பல் நோய் படிந்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். "பனி ரெண்டு நாள் கூடுதலா நின்னா இதெல்லாம் கருகிடும்பா. பூத்த நாள்லேருந்து பிஞ்சு பிடிக்கிற வரைக்கும் எங்களுக்குத் தூக்கம் கிடையாது." பூவைத் தூண்டுவது குளிர் என்பதையும் அவரே விளக்கினார். மழை ஓய்ந்து மண் காய்ந்தபின் வரும் குளிர்ந்த இரவுகள்தான் மாமரத்தைத் தளிர் விடாமல் நிறுத்திப் பூக்க வைக்கின்றன. அதே குளிர் கொஞ்சம் ஈரத்தோடு நீடித்தால் பூவைக் கெடுத்தும் விடுகிறது. முந்திரிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள், ஒரே பருவத்தில் பூப்பவை.

அவர் சொன்னவற்றில் என் மனத்தில் தங்கியது வேறொன்று. ஒரு கொத்தில் பல நூறு முதல் ஆயிரக்கணக்கான பூக்கள் வரை இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். அவை காய்க்கப் பிறந்தவை அல்ல. இருபால் பூக்களிலும் பல பிஞ்சாகாமலே உதிரும். பிஞ்சானவற்றில் பெரும்பாலானவை மிளகளவிலும் கோலியளவிலும் உதிர்ந்துவிடும். கடைசியில் பழமாக நிற்பவை மொத்தப் பூவில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆக, நாங்கள் அண்ணாந்து பார்த்து மகிழ்ந்த அந்தப் பெருங்காட்சியில் ஏறக்குறைய எல்லாமே இன்னும் சில வாரங்களில் தரையில் கிடக்கப் போகிறது. மரத்துக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை.

"குழி எங்கே?"

தோப்பைக் கடந்து ஆற்றோரம் வந்தால், செங்கல் தூண்களும் சுவர்களுமாக ஒரு சிதைந்த கட்டடம் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதையே அரிக்கமேடு என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது ரோமானியர் காலத்தது அல்ல; 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் நடத்திய குருமடத்தோடு தொடர்புடைய கட்டடம். அதற்கும் தனி வரலாறு உண்டு என்றாலும், அரிக்கமேட்டின் சிறப்பு அதன் காலடியில், மண்ணுக்குள் இருக்கிறது. அதைச் சொன்னதும் வங்கி நண்பர் சுற்றுமுற்றும் பார்த்தார். புல், மா, தென்னை, சருகு, அப்பால் பனிக்குள் அசையாமல் கிடந்த ஆறு. "அப்ப தோண்டின குழி எங்கே?" என்று கேட்டார். அவருடைய குரலில் ஏமாற்றம் இருந்தது. கீழடியின் படங்களைப் பார்த்திருக்கிறார். சதுரம் சதுரமாக வெட்டிய குழிகளை எதிர்பார்த்து வந்திருக்கிறார்.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டிதான் பதில் சொன்னார். "நீங்க நிக்கிற எடமாத்தாம்பா இருக்கும். எல்லாத்தையும் மூடிட்டாங்க. தொறந்து வச்சா மழைக்குக் கரைஞ்சு ஆத்தோட பூடும்ல?" சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னால் போய்விட்டார். தலைமழைக்குப் பிறகு சிறு பிள்ளைகள் இங்கே மணி பொறுக்குவார்கள் என்று போகிற போக்கில் சொன்னதையும் நான் குறித்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் 1930களில் இந்த இடத்தின் மதிப்பை உணர்ந்தது இப்படிப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைக் கண்டுதான். அவற்றோடு கிடைத்த, ஒரு தலையின் உருவம் செதுக்கிய சிறு கல்லை ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவமாக அவர் கருதினார்.

அந்த மூதாட்டியின் சொல் அன்று முழுவதும் என்னை விடவில்லை. மூடியிருப்பது புறக்கணிப்பு என்றே நான் அதுவரை வருந்தி வந்திருக்கிறேன். அவரோ அதைக் காப்பதற்குச் செய்த வேலையாகச் சொன்னார். யோசிக்க யோசிக்க அரிக்கமேட்டின் கதையே அவர் பக்கம்தான் பேசுகிறது.

1734-இலேயே இந்த ஊர்க்காரர்கள் பழைய செங்கற்களைத் தோண்டி எடுக்கிறார்கள் என்று பிரெஞ்சுக் கம்பெனிக்கு எழுதப்பட்ட குறிப்பு இருக்கிறது. திறந்து கிடந்த, கைக்கெட்டிய செங்கல்லெல்லாம் வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் போயிற்று. தப்பியது மண் மூடியிருந்த பகுதி மட்டுமே. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடியின் உடைந்த துண்டைக் கண்டார். அது எங்கே கிடைத்தது என்று விசாரித்துப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அப்போது இது பிரெஞ்சு இந்தியா. பிரிட்டிஷ் இந்தியாவின் அதிகாரி ஒருவர் எல்லை தாண்டி வந்து 1945-இல் இங்கே அகழாய்வு செய்தார். சிவந்த மெருகேற்றிய அரெட்டைன் என்னும் இத்தாலிய மண்கலத் துண்டுகள் அவருக்குக் கிடைத்தன. அந்த வகைக் கலங்கள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே நன்றாகத் தெரியும். எனவே அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியாவில் அதுவரை காலம் குறிக்க வழியில்லாமல் கிடந்த எத்தனையோ ஊர்களின் பானையோடுகளுக்கு அரிக்கமேடு வயது சொல்லிக்கொடுத்தது. அதன் அடிப்படையில், ரோமானியரோடு வாணிகம் செய்வதற்காகவே எழுந்த நிலையம் இது என்ற முடிவுக்கு வீலர் வந்தார். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு ஆய்வாளர் கசால் தோண்டினார்.

இங்கேதான் மூடிய குழிகளின் மதிப்பு தெரிகிறது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் தலைமையில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மீண்டும் இந்த மேட்டைத் தோண்டின. வீலர் சொன்னதில் ஒரு பகுதி மாறியது. ரோமக் கப்பல்கள் வருவதற்கு வெகு முன்பே, கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே, இங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அந்த வாணிகம் தேய்ந்த பின்னும் வாழ்ந்திருக்கிறார்கள். வெளிநாட்டார் வந்து உருவாக்கிய ஊர் அல்ல இது. மணி செய்தும் நெய்தும் கடலோடியும் பிழைத்த நம் ஊர் ஒன்றுக்கு அந்நியக் கப்பல்கள் வந்து போயின என்பதே பொருத்தமான விளக்கமாயிற்று. 1945-இல் வெட்டியதையெல்லாம் வருகிறவர்கள் பார்ப்பதற்காகத் திறந்து போட்டு, மீதி மேட்டையும் ஆர்வத்தில் வெட்டித் தீர்த்திருந்தால், நாற்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய இந்தக் கேள்வியை எந்த மண்ணிடம் கேட்டிருக்க முடியும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சுவர்கள் எத்தனை ஆண்டு நின்றிருக்கும்?

இந்த இடத்தில் லெ ழாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சூரியனின் குறுக்கே வெள்ளிக்கோள் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்ட அவர், 1761-இல் போரினால் கரையிறங்க முடியாமல், ஆடும் கப்பலிலிருந்து பயனில்லாமல் பார்த்தார். அடுத்த கடப்புக்காகக் கீழ்த்திசைக் கடல்களிலேயே ஆண்டுகளைக் கழித்து, இடிந்த கோட்டையின் மேல் ஆய்வகம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் மாதத்து அந்தக் காலையில் மேகம் வந்து மறைத்துவிட்டது. பார்க்க வந்ததை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் காத்திருந்த நாட்களில் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் கற்றார். அரிக்கமேட்டை ஒட்டிய வீராம்பட்டினப் பக்கம் பழைய செங்கற்கள் கிடப்பதையும் கண்டார். அந்தக் கணிதத்தைப் பற்றி அவர் எழுதிவைத்தவை இன்றும் நமக்குப் பயன்படுகின்றன.

கடற்கரையில் வந்த வாதம்

பத்து மணிக்குப் பனி விலகியதும் நகருக்குள் போனோம். பாரதி பூங்காவின் நடுவே ஆயி மண்டபம் வெள்ளை வெளேரென்று நின்றது. தாசி ஆயியின் ஒளிவீசும் மாளிகையைக் கோயில் என்று எண்ணி மன்னன் ஒருவன் வணங்கிவிட்டான் என்றும், உண்மை தெரிந்து சினந்து அதை இடிக்கச் சொன்னான் என்றும், அவள் அதைத் தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்றும் சொல்வார்கள். பிற்காலத்தில் முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது இந்த மண்டபம். இடிந்துபோன வீட்டுக்கும் ஓடிய தண்ணீருக்கும் ஒரு நினைவுச் சின்னம் என்று எண்ணியபோது, காலையில் பார்த்ததற்கும் இதற்கும் உறவு இருப்பதாகத் தோன்றியது.

கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களுக்கு அடியில் உட்கார்ந்தபோதுதான் வங்கி நண்பர் தன் வாதத்தை முழுமையாக வைத்தார். "நீ சொல்றது ஆராய்ச்சிக்காரங்களுக்குச் சரி. ஆனா கண்ணுக்குத் தெரியாததை ஜனங்க எப்படிக் காப்பாத்துவாங்க? சுற்றி மனை போட்டு வித்துட்டே வர்றாங்க. ஒரு சுவராவது தெரிஞ்சாத்தானே கைவைக்கப் பயப்படுவாங்க?" இது வலுவான வாதம். தேவனாம்பட்டினத்தைப் பார்த்தவன் நான். அதை மறுக்க என்னால் முடியாது. அரிக்கமேடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது என்பதும், ஆறு தன் கரையை அரித்துக்கொண்டிருக்கிறது என்பதும் சேர்ந்தே உண்மை.

ஆனால் நாங்கள் சாய்ந்திருந்த தூண்களே அவருக்கு மறுமொழியாகவும் இருந்தன. அவை செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. என்ன அழகான வேலைப்பாடு! ஒவ்வொரு மாலையும் ஆயிரக்கணக்கானவர்கள் அவற்றைப் பார்க்கிறார்கள். ஆனாலும் செஞ்சியின் எந்த மண்டபத்தில் நின்றவை, எதைத் தாங்கியவை, யார் நடந்த கூடத்தில் இருந்தவை என்பது இங்கே பார்க்கிற எவருக்கும் தெரிவதில்லை. கண்ணுக்கு முழுவதும் கிடைத்தன; இருந்த இடத்தை இழந்துவிட்டன. அரிக்கமேடு இதற்கு நேர்மாறானது: இடத்தை இழக்கவில்லை, கண்ணுக்குக் கிடைக்கவில்லை. இரண்டில் எதை இழந்தாலும் மீட்கலாம் என்றால் நான் வாதிட மாட்டேன். மண்ணுக்குள் இருப்பதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கவனமாகத் திறக்கலாம். பெயர்த்துவிட்ட கல்லை அது நின்ற நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோக வழி இல்லை. இதை நான் சொன்னபோது பண்ருட்டி நண்பர், அதுவரை பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பூவ பறிச்சிப் பாத்தா காய் கிடையாது" என்று ஒரே வரியில் என் பக்கம் சேர்ந்துகொண்டார். வங்கி நண்பர் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. காய்க்கிற வரை மரத்தை வெட்டாமல் யார் காவல் இருப்பது என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்றே நினைக்கிறேன். மேட்டைத் தோண்டிக் காட்ட வேண்டாம். தோண்டியதைப் பற்றிச் சொன்னால் போதும். செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளும் பானையோடுகளும் இருக்கின்றன. மேட்டுக்கும் அந்த அலமாரிக்கும் நடுவே தொடர்பு எதுவும் இல்லாததுதான் வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புகிறது. மாந்தோப்பின் வாசலில் தமிழில், பள்ளிப் பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்ளும் எழுத்தில், ஒரு பலகை வேண்டும். 1945-இல் வெட்டிய குழி எந்த மரத்துக்கும் எந்த மரத்துக்கும் நடுவே இருந்தது, எத்தனை அடி ஆழத்தில் எந்த அடுக்கு வந்தது, 1989-இல் எந்த முடிவு ஏன் மாறியது, குழியை ஏன் மூடினார்கள், கிடைத்த பொருள்களை எங்கே போய்ப் பார்க்கலாம் என்பதையெல்லாம் ஒரு குறுக்குவெட்டுப் படத்தோடு அது சொல்ல வேண்டும். மணி பொறுக்கும் பிள்ளைகளுக்கு, பொறுக்கியதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.